கயிற்றோரம் நின்ற நவரத்தினம் அண்ணை

நவரத்தினம் அண்ணை நோர்பரியில் ஒரு சலூனுக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறார். வேலை பெற்றோல் ஷெட்டில். லண்டனுக்கு வந்த காலம் முதல் அதே வேலைதான், ஷெட் மட்டும் மாறும். நானும் அவரோடு ஒரே ஷெட்டில் நின்றவன். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற அந்த வேலையில் நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் ஒருவரும் உங்களோடு கதைக்க மாட்டார்கள். "பம்ப் மூண்டு" என்பான், போவான். அடுத்தவன் "பம்ப் ஆறு" என்பான், அவனும் போவான். நாங்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்ப் பெண்சாதியோடு சண்டை பிடித்தாவது வாயைத் திறப்போம். அண்ணைக்கு அதுவும் இல்லை.

அண்ணையின் மனைவி செல்வமலர் அவரைப் பிரிந்து, மகளோடு இல்ஃபோர்டில் இருக்கிறா. பிரிந்ததற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. இவர் ஷிப்ட், ஷிப்ட் என்று வீட்டில் நிற்காத மனிசன். நிற்கிற நேரம் கத்துகிற மனிசன். அவ பார்த்தா, போய்விட்டா. அதுவரைக்கும் மகள் ஜதுர்ஷிகா இவரோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தாள். அது அறுந்தது அவள் பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்திய வீட்டில்.

லண்டனில் எங்கள் ஆட்கள் சாமத்திய வீடு செய்கிற விதம் தெரியும்தானே. பெரிய மண்டபம், மேடையில் ராசா வீட்டுக் கதிரை, நாலு பக்கமும் வீடியோக் கமரா. அழைப்பிதழில் தகப்பன் பெயர் இல்லை என்று அண்ணைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேரே மண்டபத்துக்குப் போனார். தாய்மாமன் ஆரத்திக்குப் பக்கத்தில் நிற்கிற நேரம் பார்த்து மேடையில் ஏறினார். "நான் இஞ்ச செத்தே போனன்?" என்று அறிவிப்பாளரின் மைக்கைப் பறித்துக் கத்தினார். மாமன்காரனைப் பிடித்துத் தள்ளினார். பிள்ளை சேலையும் நகையும் பூவுமாக அந்தக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தது. பிறகு தானாகவே எழும்பி உள்ளே போய்விட்டது. எல்லாம் வீடியோவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் இவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். இவர் லீவு நாட்களில் எலிசபெத் லைனில் ஏறி இல்ஃபோர்ட் வரைக்கும் போவார். பிளாட்ஃபோர்ம் வாங்கிலில் கொஞ்ச நேரம் இருப்பார். வெளியில் போகாமல் அடுத்த ரயிலில் திரும்பி வருவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"வெளியில போனா வீட்டுப் பக்கம் கால் போகும். போனா ஏதும் கத்திப்போடுவன்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை லூயிஷாம் சிவன் கோவிலில் சுவர்ணா அக்கா இவரைக் கண்டிருக்கிறா. அவ இல்ஃபோர்ட் பக்கத்து ஆள், செல்வமலருக்குப் பழக்கம்.

"நவம், உங்கட மகள் யுனிவர்சிட்டியில பேஸ்போல் விளையாடுறாளாம். தெரியுமே?" என்று கேட்டிருக்கிறா.

"பேஸ்போலோ? அது அமெரிக்கன் விளையாட்டெல்லோ?"

"எனக்கென்ன தெரியும். பெடியளும் பெட்டையளும் சேர்ந்த ரீமாம். இங்கிலண்ட் முழுக்க இருக்கிற யுனிவர்சிட்டியளுக்குள்ள சம்பியன்ஷிப்பாம். ஜூனில இஞ்ச குறொய்டன் பக்கம்தான் வருதாம்."

அன்றிலிருந்து மனிசன் வேறு ஆள். அமெரிக்காவிலும் மே, ஜூனில் கொலிஜ் பிள்ளைகளின் தேசியப் போட்டி நடக்கும். போனைச் சுவிங்கம் பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். எங்களோடு வேலை செய்கிற பிரியந்தனுக்குச் சிரிப்பு.

"அண்ணை, உந்த அமெரிக்காப் பெடியள் உங்களுக்கு என்ன முறை? மருமக்களே?"

"பொத்தடா வாயை. ஆள் ரெண்டாம் மூலையில நிக்கிறான், பார்."

"அண்ணை, பம்ப் நாலுக்காரன் அரை மணித்தியாலமா உங்களைப் பார்த்துக்கொண்டு நிக்கிறான். அவனையும் பாருங்கோ."

அடித்தவன் நாலு மூலையையும் சுற்றி ஓடி வந்தால் ஓட்டம், மூன்று பேர் ஆட்டமிழந்தால் மற்றப் பக்கம் அடிக்கும். இவ்வளவும் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். விளங்கியதோ இல்லையோ, அவருக்கு வேண்டியது விளையாட்டு இல்லை. அவள் ஒருக்கால் திரும்பிப் பார்த்து, ஒரு சொல் கதைத்தால் போதும் என்று இருந்தார்.

இறுதிப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னிடம் ஒரு பழைய வான் வண்டி நிற்கிறது. "தம்பி, உம்மட வானில ஒருக்கா கொண்டுபோய் விடுவீரோ?" என்று கேட்டார்.

"விடலாம். ஆனா அங்க போய் மைக்கைப் பறிக்கிற வேலை இல்லை."

"சீ. நான் வந்ததே அவளுக்குத் தெரியக்கூடாது. முடிஞ்ச பிறகு, அவள் சந்தோசமா நிண்டால் மட்டும் கிட்டப் போவன். இல்லாட்டி வந்த வழியில திரும்பிடுவம்."

மைதானம் என்றால் மைதானம் இல்லை, ஒரு பார்க். மூலையில் கம்பி வலை, பிள்ளைகள் தாங்களே தூக்கிக்கொண்டு வந்த சாமான்கள், மடக்குக் கதிரைகளில் தாய் தகப்பன்மார். அடிக்கிற இடத்துக்குக் கிட்டத்தான் எல்லாரும் இருந்தார்கள். வேலி கிடையாது. பார்க்க வருகிறவர்கள் உள்ளே போகாமல் இருக்கப் புல்லில் தடி நட்டு ஒரு நீலக் கயிறு கட்டியிருந்தார்கள்.

ஜதுர்ஷிகாவை அண்ணைக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. சட்டை முதுகில் பெயரைப் பார்த்து நான்தான் காட்டினேன். உயர்ந்திருந்தாள். தொப்பிக்குப் பின்னால் பின்னல் தொங்க, கையில் பெரிய தோல் கையுறையோடு வலது பக்கக் கடைசியில் தனியாக நின்றாள். அந்த இடத்தில் நிற்கிறவளுக்குப் பந்து வருவது குறைவு. வந்தால் அவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

"அவளைத் தனிய விட்டிருக்கிறாங்கள்" என்றார் அண்ணை.

"அது அவளின்ர இடம் அண்ணை. அப்பிடித்தான் நிக்கிறது."

அவர் கேட்கவில்லை. மற்றவர்களை விட்டுவிட்டு அந்தப் பக்கத்துக் கயிற்றோரம் போய் நின்றுகொண்டார். அங்கே ஒரு சனமும் இல்லை. தொப்பியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டார். தூறல் விழுந்தது. குடை பிடித்தால் பார்த்துவிடுவாள் என்று நனைந்துகொண்டு நின்றார். நான் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தின் கீழே நின்றேன்.

ஆட்டம் நெடுநேரம் இழுபட்டது. அவளுக்கு ஒரு பந்து உயரத்தில் வந்தது, பிடித்தாள். அண்ணை கையைத் தட்டப் போய், நடுவில் நிறுத்தி, இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் அடிக்கிற முறை வந்தபோது ஆட்டமிழந்தாள். இவர் அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசி முறைக்கு வந்துவிட்டது. அவளுடைய அணி ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றது. எதிர் அணியில் இரண்டு பேர் ஆட்டமிழந்தாகிவிட்டது, ஒருவன் முதல் மூலையில் நிற்கிறான். இன்னும் ஒரு ஆளை வெளியேற்றினால் சம்பியன். அடிக்க வந்தவன் அடித்தான். பந்து கோட்டை ஒட்டி உருண்டு, நேரே கயிற்றை நோக்கி, அண்ணை நிற்கிற இடத்துக்கே வந்தது. ஜதுர்ஷிகா முழு வேகத்தில் ஓடி வருகிறாள்.

சின்ன வயதிலிருந்து கிரிக்கெட் பார்த்த ஆட்களுக்குக் கயிறு என்றால் ஒன்றுதான். பந்து கயிற்றுக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. கிட்ட நிற்கிறவன் குனிந்து எடுத்து, ஓடி வருகிற ஆளுக்கு எறிந்துவிட வேண்டும். அது மரியாதை. யாரும் யோசித்துச் செய்வதில்லை. அண்ணையும் யோசிக்கவில்லை. கயிற்றுக்கு மேலால் குனிந்து, இன்னும் உருண்டுகொண்டிருந்த பந்தைக் கையில் எடுத்து, "இந்தா பிள்ளை!" என்று அவளுக்கு மெதுவாக எறிந்தார்.

விளையாட்டு அப்படியே நின்றது. நடுவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். எதிர் அணியின் பயிற்சியாளன் பின்னால் கத்திக்கொண்டு வந்தான்: இவன் அவர்களின் ஆள், வேண்டுமென்று பந்தை மறித்தான், ஓட்டத்தைத் தடுத்தான். நானும் மரத்தடியிலிருந்து ஓடினேன். அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். தொப்பிக்குக் கீழே இருந்த முகத்தை அப்போதுதான் பார்த்தாள்.

நடுவர் நல்ல மனிசன். ஐயா, நீங்கள் எந்த அணியோடு வந்தீர்கள் என்று அமைதியாகத்தான் கேட்டார்.

அண்ணை அவளைப் பார்க்கவே இல்லை. "நோ ரீம், சேர்" என்றார். "ஐ ஆம் பப்ளிக். ஒன்லி வோக்கிங். சொறி, சேர்."

"பொய் சொல்றான்" என்றான் பயிற்சியாளன். "அவளுக்கு எறிஞ்சதை நான் பார்த்தன்."

"நோ, சேர். ஐ டோன்ட் நோ தற் கேர்ள்." அந்தப் பெட்டையைத் தெரியாதாம்.

அவர் தப்பிக்கச் சொல்லவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் இன்னொரு தடவை அந்தப் பிள்ளைக்குத் தகப்பனாக நின்று மானத்தை வாங்கக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார். எனக்கு விளங்கியது. அவளுக்கு விளங்கியதோ தெரியாது.

"அவர் என்ர அப்பா" என்றாள் அவள், இங்கிலீசில். "அவர் இதைக் கிரிக்கெட் எண்டு நினைச்சிட்டார். அவ்வளவுதான். வேணுமெண்டு செய்யேல்லை."

பிறகு அவர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "ஏன் வந்தனீங்கள்? எப்பவும் இப்பிடித்தான். எப்பவும்!"

பந்தை நடுவரின் கையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பார்க்க வந்தவன் பந்தைத் தொட்டால் நடுவர் தீர்மானிப்பதுதான் தீர்மானம். பந்தைத் தொடாமல் விட்டிருந்தால் முதல் மூலையில் நின்றவன் ஓடி வந்து சேர்ந்திருப்பான் என்று அவர் ஒரு ஓட்டம் கொடுத்தார். சமநிலை. அடுத்து வந்தவன் இடது பக்கம் ஓங்கி அடித்தான், எதிர் அணி வென்றது. அந்தப் பந்துக்கும் அண்ணைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதை யார் அவருக்குச் சொல்வது?

தோற்ற பிள்ளைகள் வட்டமாக நின்று தோளில் கை போட்டுக்கொண்டு அழுதார்கள். அவளும் அழுதாள். ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்தாள். அண்ணை வானுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாருங்கோ போவம் என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். ஏறவில்லை, கிட்டப் போகவும் இல்லை.

கடைசியில் அவளே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். நாலு அடி தள்ளி நின்றாள்.

"அம்மா பிக்கப் பண்ண வாறா. நீங்கள் போங்கோ அப்பா."

"ஓம் பிள்ளை. போறன்."

போகவில்லை. அவளும் போகவில்லை.

"அந்தப் பந்து கயிற்றுக்கு வந்திருக்காது என்ன?" என்று கேட்டார்.

"வந்திருக்காது. ஸ்லோவாத்தானே வந்தது. ஐ ஹாட் இற், அப்பா, என்ர கைக்கு வந்திருக்கும். எடுத்து எறிஞ்சிருந்தா அவன் அவுட்."

"ஓம். எறிஞ்சிருப்பாய்."

"நீங்கள் எறிஞ்சது பாத்தன்" என்றாள். ஒரு கணம் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. "அண்டர் ஆர்ம். சின்னப் பிள்ளைக்கு எறியிற மாதிரி."

அவர் தொப்பியைக் கழற்றினார், திரும்பவும் போட்டார். அவள் எனக்கு "பாய் அங்கிள்" என்றாள். அவருக்கு ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தாள். கொஞ்சத் தூரம் போய் நின்று, "இனி வராதேங்கோ, பிளீஸ்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டாள்.

வானில் வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"நம்பர் வாங்கினீங்களோ?"

"இல்லை."

"ஏன் மனிசா? நேர நிண்டவள்தானே. கேட்டிருக்கலாம்தானே?"

"கேட்டிருந்தா தந்திருப்பாள் தம்பி. இத்தனை சனத்துக்கு முன்னால நிண்டதால தந்திருப்பாள். வீட்டை போய் நம்பரை மாத்தியிருப்பாள். பிறகு நான் போன் அடிச்சு அடிச்சுப் பார்க்க வேணும்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். நோர்பரியில் இறங்கும்போது, "அப்பா எண்டு சொன்னவள், கேட்டனீரே?" என்றார்.

"கேட்டனான். ஏசினதையும் கேட்டனான்."

"ஏசட்டும். ஏசுறதுக்கும் ஆளைத் தெரிஞ்சிருக்க வேணுமே."

படியேறிப் போய்விட்டார். மேலே விளக்கு எரிந்தது. மழை விடவில்லை. நான் கொஞ்ச நேரம் வானிலேயே இருந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வருடமும் அவள் விளையாடினாள். இறுதிப் போட்டி அதே பார்க்கில் என்று கேள்விப்பட்டு நானே கேட்டேன்: "போவமே அண்ணை? தூர, வானுக்குள்ள இருந்து பார்ப்பம். இறங்கத் தேவையில்லை."

"வேண்டாம். வராதேங்கோ எண்டு கேட்டவள். நான் எங்கயோ நிக்கிறன் எண்டு நினைச்சாலே அவள் பந்தைப் பார்க்கமாட்டாள், கயிற்றைத்தான் பார்ப்பாள்."

போட்டி அன்றைக்கு அவருக்கு லீவு. பிரியந்தனைக் கூப்பிட்டு அவனுடைய ஷிப்டைத் தான் எடுத்துக்கொண்டு, நாள் முழுக்கக் கவுண்டரில் நின்றார்.