மூச்சுக்காரம்மாவின் கதவில்லாத வண்டி

முதலில் கொண்டையை அவிழ்ப்பார். கூந்தலை இறுக்கிப் பின்னி, பின்னலைச் சட்டைக் காலருக்குள் தள்ளிவிடுவார். கொண்டை இருந்தால் ஹெல்மெட் ஏறாது. ஹெல்மெட்டை மாட்டிய பிறகு, கண் திறப்பின் வழியாக மூக்குக்கண்ணாடியின் காம்புகளைப் பக்கத்துக்கு ஒன்றாக நுழைத்துச் சரிசெய்வார். வண்டிக்குக் கதவு கிடையாது. ஸ்டியரிங் வட்டத்தைக் கழற்றி முன்பக்கத் தகரத்தின் மேல் வைத்துவிட்டு, இடது காலை இருக்கையில் ஊன்றி, முதுகுக்குப் பின்னாலுள்ள வளைந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவரைப் போல உள்ளே சரிவார். "யம்மாடி!" என்பார். ஏறும்போது ஒரு யம்மாடி, இறங்கும்போது இரண்டு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை.

பிறகு ஸ்டியரிங்கை எடுத்து 'கிளிக்' என்று மாட்டிக்கொண்டதும் முகம் மாறிவிடும். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பவர். "மூச்ச நல்லா இழுங்க... அப்படியே புடிங்க... அசையாதீங்க... இப்ப விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, ஊழியர்களிடையே 'மூச்சுக்காரம்மா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தொழில் கண்ணைவிட்டுப் போகாது. சாலையில் நடப்பவரைப் பார்த்து, "அவருக்கு இடுப்பு போச்சு, இன்னும் அவருக்கே தெரியாது" என்பார். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். வாடகை பேச வந்த முதல் நாளே என்னைச் சுவரோடு நிற்கச் சொல்லி, "தம்பி, உங்களுக்கு இடது தோள் இறங்கியிருக்கு. பை தூக்குற தோள மாத்துங்க" என்றார். மற்ற பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்த வண்டியைச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கியதல்ல, மரப்பெட்டிகளில் துண்டு துண்டாக வந்து, வீட்டில் கோத்தது. இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு, அதன் மேல் அலுமினியத் தகடு, மூக்குக்கும் சக்கரங்களின் மேலுள்ள இறக்கைகளுக்கும் ஃபைபர். எஞ்சின் ஏதோ பழைய காரிலிருந்து எடுத்தது. கூரை இல்லை, முன்கண்ணாடி இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும். நான்கு பேர் சேர்ந்தால் முன்பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிடலாம். சாலையில் போனால் லாரிச் சக்கரம் நம் தலைக்கு மேலே சுழல்வதுபோல் இருக்கும். வாயைத் திறந்து சிரித்தால் பல்லில் பூச்சி.

கோத்தவர் கணவர். பெரிய கட்டடங்களில் குளிர்சாதன எந்திரங்களைப் பராமரித்தவர். வேலை விட்டு வந்ததும் நேராக வண்டிக் கொட்டகைக்குள் போய்விடுவார். இவருக்கு அங்கே ஒரே வேலை: விளக்குப் பிடிப்பது. "இந்தா, வெளிச்சம்" என்பார் கணவர். அதற்கு, இங்கே வா, இங்கே பிடி, கையை ஆட்டாதே, பேசாதே என்று நான்கு அர்த்தம். பல வருஷம் பிடித்தார். இருக்கைகளுக்கு உறை தைத்ததும் இவர்தான். வண்டி முடிந்து முதன்முதலாகத் தெருவுக்கு வந்த அன்று, "நானும் ஒரு தடவ ஓட்டிப் பாக்கவா?" என்று கேட்டிருக்கிறார். "நீ விளக்கு புடிச்ச வரைக்கும் போதும்" என்று பதில் வந்தது. கணவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். "எனக்கும் அப்ப சிரிப்புதான் வந்துச்சு" என்றார் இவர்.

ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. மாதத்தில் சில ஞாயிறுகளில், சொந்த வண்டி வைத்திருக்கும் யாரும் அங்கே போய் ஓட்டலாம். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. வளைந்து வளைந்து கிடக்கும் சாலையில் தனக்குத் தெரிந்த வேகத்தில் சுற்றிவிட்டு வரலாம். கணவருக்கு அதுதான் கோயில், அதுதான் குளம். அப்படி ஒரு ஞாயிறு காலையில், ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த வேளைக்கு ஸ்கேன் அறையில் வேறு ஆள் இல்லை. இவரேதான் எடுத்தார். கணவரை மேசையில் படுக்கவைத்து, தலையைப் பட்டையால் கட்டிவிட்டு, கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து ஒலிபெருக்கியில், "அசையாதீங்க" என்றார். மருத்துவர் வருவதற்கு முன்பே திரையில் பார்த்துவிட்டார். தலைக்குள் கசிந்த ரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். இடது பக்கம் முழுக்க வெள்ளை.

இதை என்னிடம் சொன்ன அன்று துணி மடித்துக்கொண்டிருந்தார். "ஆயுசுல ஒரு தடவதான் நான் சொன்னத கேட்டாரு. அசையாதீங்கன்னேன். இன்னும் அசையல" என்றார். அவர் அடுத்த சட்டையை உதறினார்.

வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: 'இல்ல.' பசிக்கும் 'இல்ல', போதும் என்பதற்கும் 'இல்ல', மகள் வெளியூரிலிருந்து ஃபோனில் "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்றால் அதற்கும் 'இல்ல'. தலையாட்டுவதையும் நம்ப முடியாது. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே ஆட்டல். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். அதுதான் கொடுமை. இவர் குரலின் நீளத்தை வைத்துப் பிரிப்பார்: இழுத்துச் சொன்னால் தண்ணீர், வெட்டிச் சொன்னால் கழிவறை, மெதுவாகச் சொன்னால் விளக்கை அணை.

வண்டி கொட்டகையில் தூசி மூடிக் கிடந்தது. எஞ்சினை ஓட்டாமல் போட்டால் கெட்டுவிடும் என்று ஒரு மாலை கிளப்பிவிட்டார். பிறகு தெருவை ஒரு சுற்று. பிறகு பெரிய சாலை வரை. ஒரு ஞாயிறு கணவரையும் கொழுந்தனாரையும் வாடகைக் காரில் முன்னே அனுப்பிவிட்டு, இவர் வண்டியோடு தடத்துக்கு வந்து சேர்ந்தார். மூன்றாவது வளைவிலேயே பின்பக்கம் வழுக்கி, வண்டி பம்பரமாகச் சுழன்று புல்லில் போய் நின்றது. தடத்தோரம் நின்று வண்டிகளுக்குக் கொடி காட்டும் கொடிக்காரர் ஓடி வந்து, "என்னம்மா, அடி கிடி பட்டுச்சா?" என்றார். "திரும்பும்போது கால எடுத்துட்டேன். எடுக்கக்கூடாதோ?" என்று இவர் திருப்பிக் கேட்டார்.

எடுக்கக்கூடாதுதான். அவ்வளவு எடை குறைந்த வண்டியில் வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் நம்மை முந்திக்கொண்டு வந்துவிடும். பயத்தையெல்லாம் வளைவுக்கு முன்பே பட்டு முடித்துவிட வேண்டும். அவர் கற்றுக்கொண்டார். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து போனபோது ஹெல்மெட்டுக்குள் அவர் முணுமுணுப்பது கேட்டது: "மூச்ச புடி... புடி... அசையாத... இப்ப விடு." விடு என்றதும் வண்டி வளைவைவிட்டு அம்பு போலப் பாய்ந்தது.

கணவர் தடத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். இவர் சுழன்று நின்ற நாட்களில் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் நன்றாக ஓட்டத் தொடங்கிய பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு ஞாயிறு கொடிக்காரர் அவரிடம் வந்து, "சார், தப்பா நினைக்காதீங்க, அம்மா உங்கள விட வேகம்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். அதன் பிறகு அவர் தடத்துக்கு வரவே இல்லை. ஞாயிறுகளில் கொழுந்தனார் வந்து அவரோடு இருப்பார். மேசை மேலிருந்த ஹெல்மெட் ஒருநாள் தரையில் உடைந்து கிடந்தது. இவர் ஒன்றும் கேட்காமல் வேறு வாங்கிவந்தார்.

"இதெல்லாம் தேவையா அண்ணி? அண்ணனுக்குப் பிடிக்கலன்னு தெரியுதுல்ல?" என்று கொழுந்தனார் ஒருநாள் என் எதிரிலேயே கேட்டார்.

"தெரியுது" என்றார் இவர். "வாரம் பூரா உங்க அண்ணன தூக்குறேன், திருப்புறேன், தொடைக்கிறேன். அங்க ஒரு இடத்துலதான் என்னை ஒண்ணு தூக்கிட்டுப் போகுது. அதையும் விடச் சொன்னா எப்படி?"



அடுத்த முறை தடத்துக்குக் கிளம்பிய காலையில் நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். தெருமுனை தாண்டி இரண்டு வளைவு போனதும் முன்பக்கத்திலிருந்து டொக், டொக் என்று ஏதோ தட்டியது. ஸ்டியரிங் அவர் கையில் உதறியது. மூடியிருந்த ஒரு டயர் கடை முன்பு ஓரம் கட்டிவிட்டு, இரண்டு யம்மாடியோடு இறங்கினார். இடது முன்சக்கரத்தருகே குனிந்து, நட்டை விரலால் தொட்டார். பாட்டில் மூடி மாதிரி சுழன்றது. அடுத்ததும் அப்படியே. நான்கும் அப்படியே. மற்ற மூன்று சக்கரங்களில் எல்லாம் இறுக்கமாக இருந்தன. இன்னும் கொஞ்ச தூரத்தில் பெரிய சாலை. அங்கே லாரிகளின் நடுவே எந்த வேகத்தில் போயிருப்போம் என்று எனக்குத் தெரியும்.

"நேத்து சாயங்காலம் நான்தான் முடுக்கினேன்" என்றார். வீட்டில் அவர்கள் இருவர்தான். கொட்டகைக் கதவு சமையலறைக்குள் திறக்கும். நான்குகால் ஊன்றுகோலோடு கணவரால் அதுவரை நடக்க முடியும். இடது கை நல்ல கை. முந்தின மாலை இவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார்.

நட்டுகளை முடுக்கினார். திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். தடத்துக்குத்தான் போனார். அன்று அவர் ஓட்டியதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கொடிக்காரரின் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீடு திரும்பியதும் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, கணவரின் நாற்காலி முன் தரையில் உட்கார்ந்தார்.

"என்னங்க, சக்கரத்த நீங்களா அவுத்தீங்க?"

"இல்ல."

"நான் போகக் கூடாதுன்னா?"

"இல்ல."

"நான் செத்துப்போகட்டும்னா?"

"இல்ல."

"இல்லேன்னா, பழையபடி ஏதாவது வேல செஞ்சு பாக்கலாம்னு தொட்டீங்களா? தொட்டுட்டு, திரும்ப முடுக்க முடியாம போச்சா?"

"இல்ல."

நான்கும் ஒரே நீளம். இவரால் பிரிக்க முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கணவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் பக்கவாதம் வந்த பிறகு அது காரணமில்லாமலும் வழியும். இவர் அவருடைய இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்களில் கறுப்பு மசகு. ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து, பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு நகமாகத் தேய்த்துக் கழுவினார். நீர் கறுத்ததும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, மறுபடி நிறைத்துக்கொண்டு வந்தார்.

கொழுந்தனாரிடம் சொன்னபோது அவர் பதறிவிட்டார். "அண்ணன் அப்படிச் செய்வாரா அண்ணி? வண்டிய சரி பாக்கத்தான் தொட்டிருப்பாரு."

"இருக்கலாம்."

"கொட்டகைக்குப் பூட்டு போட்டுடுங்க."

"பூட்டு போட்டா, அவர்தான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா?" என்றார். பூட்டு போடவில்லை.

இப்போது வழக்கம் வேறு. தடத்துக்குக் கிளம்பும் காலைகளில் கணவரை மெல்ல நடத்திக் கொட்டகைக்குக் கொண்டுவருகிறார். சக்கரத்தின் அருகே முக்காலியில் உட்காரவைத்து, நீளமான ரெஞ்சை இடது கையில் கொடுக்கிறார். அளவுக்கு முறுக்கியதும் 'டக்' என்று குரல் கொடுக்கும் ரெஞ்ச் அது. "முடுக்குங்க" என்கிறார். கணவர் உடம்பின் பாரத்தையெல்லாம் அந்த ஒரு கையில் போட்டு அழுத்துகிறார். சாய்ந்து விழுந்துவிடாமல் இவர் பின்னாலிருந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்கிறார். டக். அடுத்தது. நான்கு சக்கரமும் முடிவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டிவிடும். ஆனால் தலை நிமிர்ந்திருக்கும். பழைய எந்திரக்காரரின் முகம் கொஞ்ச நேரத்துக்கு வந்துபோகும்.

"அவ்வளவுதான். இனி யாரும் தொட வேண்டாம்" என்கிறார் இவர், அவருக்குக் கேட்கும்படி.

போன ஞாயிறும் அப்படித்தான். கொழுந்தனார் கணவரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஊன்றுகோலைப் பிடித்தபடி, வண்டி தெருமுனை திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பியதும், முதல் வீட்டின் மதிலருகே இவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"தம்பி, ஆக்ஸிலேட்டர லேசா மிதிச்சுட்டே இருங்க. நின்னுட்டா அவருக்குக் கேக்கும்" என்றார்.

நான் வலது காலை நீட்டி மிதித்துக்கொண்டேன். எஞ்சின் போய்க்கொண்டிருப்பது போலவே உறுமியது. இருக்கைக்கு அடியிலிருந்து ரெஞ்சை உருவிக்கொண்டு, இந்த முறை யம்மாடி என்று வாய்விடாமல் இறங்கினார். சாலையில் முட்டி போட்டு, இடது முன்சக்கரத்தின் முதல் நட்டில் ரெஞ்சைப் பொருத்தினார்.