தலையில்லாத மீனுக்கு நான் சொன்ன பெயர்

ஆடி மூன்றாம் தேதி, காலை ஐந்து மணி. பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர். நாற்பது வருடமாகப் பெரம்பலூரில் மீன் விற்கிறேன். என் வாயால் சொன்ன ஒரு பெயர் சரிதானா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

கொள்ளிடத்து மீன்களைக் கணக்கெடுக்கும் தேன்மொழி என்ற கல்லூரிப் பெண் போன வாரம் என் கடைக்கு வந்தாள். திருமழபாடியில் பிடித்த மீன் ஒன்றைக் காட்டினாள். தலை வெட்டி, பனிக்கட்டியில் கிடந்தது. செதிலில்லாத தோலைத் தடவியே "வாளை" என்று சொல்லிவிட்டேன். ஆள் நீளம் வளரும் ஆற்று வாளையை நான் அறுத்தே எட்டு வருடமாகிறது. தலையைப் பார்க்காமல் சொன்னது அப்புறம் உறுத்தியது. நேற்று அவளுக்குப் போன் செய்தேன்.

"வாளை இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டா, அது அருகிப்போச்சு, ஆழமான மடுவுல வலை போடக் கூடாதுன்னு கேக்க முடியாதும்மா. கணக்கக் குடுக்க நாளைக்குக் கடைசி நாள்," என்றாள்.

ஆறு மணி, அரியலூர். டீ பன்னிரண்டு ரூபாய், வெறும் தண்ணீர். திருமழபாடி டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். சிமெண்ட் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனது.

"கோயிலுக்கா ஆயா?" என்றார் கண்டக்டர்.

"மீனப் பாக்க."

"வாங்கவா?"

"பாக்க மட்டும்."

ஏழரை மணிக்கு ஆற்றங்கரை. தேன்மொழி நோட்டோடு நின்றாள். அவளுக்கு அந்த மீனைக் கொடுத்த வலைக்காரர் முருகையன், அதே மாதிரி முழங்கை நீள மீன்கள் மூன்றைத் தலையோடு மணலில் போட்டார்.

"வாங்க ஆயா! நீங்க வாளைன்னு சொன்னதுலேர்ந்து நல்லா விக்குது."

ஒன்றை எடுத்து வாயைத் திறந்தேன். வாளைக்கு வாய்க்கீறல் கண்ணைத் தாண்டி ஓடும். இதற்குக் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

"சொட்டை வாளைப்பா இது. ஒரு முழத்துக்கு மேல வளராது. நான் சொன்னது தப்பு."

"வாளைக் குஞ்சு ஆயா. வளந்தா வாயும் வளரும்," என்று சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள்.

அவர் கத்தியையே வாங்கி வயிற்றைக் கீறினேன். சினை பிதுங்கியது.

"குஞ்சுக்கு ஏதுடா சினை?"

முருகையன் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா வித்துக்கிட்டிருந்தேன், கெடுத்துட்டீங்க," என்றார். சற்றுக் கழித்து அவரே தேன்மொழியிடம், "பெரிய வாளை எங்க வலையில உளுந்து ஏழெட்டு வருசம் இருக்கும். அதயும் எழுதிக்க," என்றார்.

தேன்மொழி பழைய வரியை அடித்தாள். "அப்ப வாளை இல்லைன்னு எழுதிடவாம்மா?"

"இல்லைன்னு சொல்ல நீ ஆறு பூராவும் பாத்தியா? திருமழபாடியில பாக்கலன்னு எழுது."

எழுதினாள். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதரை மணி பஸ். பெரம்பலூரில் இந்நேரம் என் இடத்தில் வேறொருத்தி கடை விரித்திருப்பாள். அங்கே மீன் என்னைத் தேடி வரும். உட்கார்ந்த இடத்திலேயே பெயர் சொல்லிவிடலாம். ஆற்றுக்கு நாம்தான் போகவேண்டியிருக்கிறது.

"அரியலூர்தானே ஆயா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல, திருமானூர்ல எறக்கி உடுங்க. அங்கயும் ஆத்துல வலை போடுறாங்களாம்."