நாலு சில்லுக்கும் காற்று

ரயர்க்கடை நானா சேற்றில் குப்புறப் படுத்து, உழவு இயந்திரத்தின் முன்ரயர் நிலத்தில் எவ்வளவு பதிகிறது என்று பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கடை முல்லைத்தீவில். நான் உழுத வயல் பரந்தன் பக்கம். வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடவேண்டும். போனில் என் குரலைக் கேட்டதும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுவிட்டார்.

கணவர் நாரி எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்ததால் அந்தக் காலபோக விதைப்புக்கு நானே இயந்திரத்தை ஓட்டினேன். பாரமான மெசினுக்கு ரயர் கல்லுமாதிரி இருக்கவேண்டும் என்று நினைத்து, நாலு சில்லுக்கும் இறுக்கிக் காற்று அடித்திருந்தேன். மூன்று நாளாகச் சில்லுகள் வழுக்கிச் சுற்றின. முன்பக்கம் துள்ளித் துள்ளி என் கைகள் மரத்துவிட்டன. நாளைக்கும் முடியாவிட்டால் வேறு ஆளைப் பிடிப்பதாக வயற்காரர் சொல்லிவிட்டார்.

“மெசினோட தந்த புத்தகம் எங்க தங்கச்சி?” என்றார் நானா. ஆசனத்துக்குக் கீழே, பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. “எனக்கு இங்கிலீசு ஓடாது, நீங்க வாசியுங்கோ” என்று அதை என்னிடம் நீட்டினார்.

இந்தப் பாரத்துக்கு முன்னுக்கு இவ்வளவு, பின்னுக்கு இவ்வளவு என்று நான் வாசிக்க, அவர் அளந்து அளந்து காற்றை இறக்கினார்.

“காத்துக் கூடினா சில்லு மண்ணைப் பிடிக்காது. முன்சில்லும் பின்சில்லும் ஒண்டோட ஒண்டு இழுபடுது, அதுதான் துள்ளுது. ரோட்டில பின்னால இழுவைப்பெட்டி கொழுவி ஓடேக்க காத்தைத் திரும்பக் கூட்டோணும். மறந்திடாதேங்கோ.”

ஏறி ஓட்டினேன். சில்லு மண்ணைப் பிடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வரம்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது, எங்கோ பார்த்தபடி கேட்டார்: “இடம்பெயர்ந்து திரும்பி வந்து இவ்வளவு காலம், எங்கட வயல் இன்னும் பத்தைக்காடாத்தான் கிடக்கு. ஒருக்கா உழுது தாறியளோ?”

“ஓம் நானா, இதை முடிச்சிட்டு வாறன்.”

போகவில்லை. இந்த வயல் முடிய அடுத்த வயல், பிறகு மழை, பிறகு கணவரின் கிளினிக். நானா ஒருநாளும் ஞாபகப்படுத்தவில்லை. மறுவருடம் நான் அவரைத் தேடிப் போனபோது கடை பூட்டியிருந்தது. வாசலில் நின்று போன் எடுத்தேன். புத்தளத்தில் மகளோடு இருந்தார்.

“இண்டைக்கே உழுதுவிடுறன் நானா.”

“வேண்டாம் தங்கச்சி. விதைக்க ஆளில்லை. நானும் களைச்சுப்போனன்.”

அதற்கு மேல் வற்புறுத்த எனக்கும் தெம்பிருக்கவில்லை.

கணவர் இப்போது எழுந்து நடக்கிறார். ஆனாலும் இயந்திரத்தை நான்தான் ஓட்டுகிறேன். முல்லைத்தீவு வீதியால் போகும்போது நானாவின் அந்தப் பத்தைக் காணி வலப்பக்கம் வரும். வேகத்தைக் குறைக்காமல் கடந்துவிடுகிறேன்.