அவள் விட்டுப்போன அலுமினியப் பாத்திரங்கள்

என் மனைவி மகளின் பிரசவத்துக்காக மஸ்கட் போனபோது மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பேரன் பிறந்து, குப்புற விழுந்து, இப்போது தவழவும் தொடங்கிவிட்டான். அவள் இன்னும் வரவில்லை. மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்பது நியாயம்தான். நியாயமாக இருப்பதால் சண்டை போடவும் வழியில்லை. எப்போது வருகிறாய் என்று கேட்டால், “பிள்ள நடக்கட்டும்” என்கிறாள். செம்பூரில் ஓர் அறையும் சமையலறையுமாக உள்ள எங்கள் வீட்டில் நானும் அவளுடைய அலுமினியப் பாத்திரங்களும்தான் மிச்சம்.

அலுமினியம் எனக்குப் புதிதில்லை. தாராவியில் ஒரு பங்கார் கடையில்தான், நம்மூர்ப் பேச்சில் பழைய இரும்புக் கடையில்தான், என் காலம் போனது. பழைய சாமான் மூட்டையைக் கொட்டியதும் கையிலிருக்கும் காந்தத்தை வைத்துப் பார்ப்போம். ஒட்டினால் இரும்பு, அந்தப் பக்கம். ஒட்டாமல், தூக்கினால் லேசாக இருந்தால் அலுமினியம், உருக்குவதற்கு இந்தப் பக்கம். நசுங்கிய டப்பா, ஜன்னல் சட்டம், மின்விசிறி இறக்கை எல்லாம் உருகிக் கட்டியாகி லாரி ஏறும். மும்பை மழையில் இரும்பு துருவேறி உதிரும். அலுமினியம் சற்று மங்கியதோடு சரி. ஆனால் அடுப்பில் அதன் குணம் என்னவென்று எனக்கு யார் சொன்னார்கள்?

முதலில் புளிக்குழம்பு. அலுமினியச் சட்டியில் வைத்து, மறுநாளைக்கும் ஆகட்டும் என்று அப்படியே மூடிவைத்தேன். காலையில் குழம்பு நின்ற இடமெல்லாம் சட்டி நிறம் மாறிக் கிடந்தது. வாயில் வைத்தால் ஆணியைச் சப்பியதுபோல் ஒரு ருசி. போனில் சொன்னேன்.

“அலுமினியத்துல புளிக்கொழம்ப ராத்திரி பூரா வைப்பாங்களா? எவர்சில்வர்ல மாத்தணும்னு தெரியாதா?”

சரி, புளியே வேண்டாம் என்று ஒதுக்கினேன். அடுத்த வாரம் குக்கரில் வெறும் தண்ணீரை விட்டுப் பருப்பை உள்ளே ஒரு சின்ன ஏனத்தில் வைத்து வேகவிட்டால், குக்கரின் உட்புறம் கரியாகக் கறுத்துவிட்டது.

“அடியில ஒரு துண்டு புளி போடணும். அப்பதான் கறுக்காது” என்றாள்.

“ஏட்டி, போன வாரந்தான புளி ஆகாதுன்ன?”

“கொழம்ப வச்சிருந்தாத்தான் ஆகாது. அது வேற, இது வேற.”

இப்படி ஒரு சட்டதிட்டம். இத்தனை காலம் அந்தச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தவனுக்கு இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை.

அதற்குமேல் நடந்ததுதான் பெரிய கூத்து. நான் கேஸை மூடாமல் தூங்கிவிடுவேன் என்று பயந்து, போவதற்கு முன் அவள் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வைத்திருந்தாள். ஒருநாள் அதில் அலுமினியப் பால் சட்டியை வைத்தேன். கீ கீ என்று கத்தியதே தவிர, பால் சுடவில்லை. அடுப்பையும் சட்டியையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், புது அடுப்பு கெட்டுப்போய்விட்டது என்று சத்தம் போட்டேன். கடைக்காரர் ஒரு காந்தத்தை எடுத்துச் சட்டியின் அடியில் வைத்தார். அது ஒட்டாமல் கீழே விழுந்தது. “இது சிபக்காது, ஒட்டாது அங்கிள். சிபக்காதது இதுல சூடாகாது” என்றார், இந்தியும் தமிழும் கலந்து. ஆயுசு முழுக்கக் காந்தத்தைப் பிடித்த கை இது. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

அன்று போனில் அவள் சிரித்த சிரிப்பில் பேரன் விழித்து அழுதான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! வேண்டுமென்றே இன்னும் இரண்டு தப்பு செய்தால் என்ன என்றுகூடத் தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி அவிக்கலாம் என்று கொப்பரையை கேஸ் அடுப்பில் ஏற்றினேன். போனை மேடையில் சாய்த்து வைத்திருந்தேன்.

“தண்ணி ஊத்தி, புளியும் போட்டாச்சு” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“ஒரு காசக் கழுவி உள்ள போடுங்க.”

“காசா? எதுக்கு?”

“தண்ணி இருக்க மட்டும் கெடந்து ஆடும். சத்தம் நின்னா வத்திட்டுன்னு அர்த்தம். இத்தன வருசமாப் போடுதேன், ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. விடியற்காலையில் அடுக்களையிலிருந்து ஒரு கடகட சத்தம் வரும். மூடி ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் எழுந்துவிட்டாள் என்ற நிம்மதியில் புரண்டு படுப்பேன். அவள் போனபிறகு காலையில் வீடு ஏன் அப்படி வெறிச்சென்று கிடக்கிறது என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது.

தண்ணீர் கொதித்தது. காசு ஆடத் தொடங்கியது.

“போனக் கொஞ்சம் கிட்ட வைங்க” என்றாள்.

வைத்தேன்.

“இங்க அடுப்புல ஒரு சத்தமும் கெடையாது” என்றாள்.

இட்லி வெந்ததும் தட்டுகளை வெளியே எடுத்தேன். அடுப்பை நான் அணைக்கவில்லை. அணைக்கச் சொல்லி அவளும் சொல்லவில்லை. காசு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

“ஏட்டி, தண்ணி வத்திட்டு” என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“இன்னும் ஒரு செம்பு ஊத்துங்க” என்றாள்.