காரின் வாயில் வைத்த பொட்டு

போன வருஷம் தசரா முடிந்து நான்காம் நாள் காலை. ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா போகும் சாலையில், சூர்யாபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் வாசலில் நடந்தது இது. நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். சனத்நகரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பராமரிக்கும் வேலை, முப்பது வருஷமாக. வீடு உப்பலில். தினமும் ஊரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஸ்கூட்டரில் கடந்து இடுப்பு போனதுதான் மிச்சம். அதனால் ஒரு குட்டி எலெக்ட்ரிக் கார் வாங்கினேன். முன்னால் ஓட்டுகிறவர், பின்னால் இரண்டு பேர், அவ்வளவுதான் இடம். புதிதாகத் தொடங்கிய ஒரு சின்னக் கம்பெனி செய்தது. எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை. நெடுஞ்சாலையிலும் தாராளமாகப் போகலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மாப்ளே, இதுக்குச் சாவி எங்க குடுக்கணும், முதுகுலயா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அவர் வாயில் அது கார் இல்லை, டப்பா. அவரிடம் பெரிய டீசல் கார் இருக்கிறது, சொல்ல மாட்டாரா?

என் மகள் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். விஜயவாடாவில் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அதுவும் முதல் நாள் மதியம்தான் வந்தது. பன்னிரண்டு மணிக்குள் வந்து பெயர் கொடுக்காதவர்களுக்கு இடமில்லை என்று தெளிவாகப் போட்டிருந்தது. தசரா கூட்டத்தில் ரயில், பஸ் எதிலும் இடமில்லை. மச்சான் தன் காரைத் தருவதாகச் சொன்னார். வாங்கியிருக்கலாம். "நம்ம கார்லயே போறோம், பதினொன்றரைக்கு அங்க இருப்போம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"அவ்ளோ தூரம் இந்த டப்பால நக்கோ" என்றாள் மனைவி. அவளும் லாலாகுடாக்காரிதான், எங்கள் பக்கம் 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. "மெஷினைப் பத்தி எனக்குச் சொல்லாதே" என்று வாயை அடைத்தேன்.

விடியும்போது கிளம்பினோம். என்ன சொல்ல, அந்தக் குட்டி வண்டி பறந்தது! எண்பதில் சத்தமே இல்லாமல் ஓடியது. லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின் சீட்டிலிருந்து மனைவி, "பரவால்லயே" என்றாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னது எத்தனை முறை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஹைவேயில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்று தெரியும். அதனால் எட்டு மணிக்கு அந்த ஹோட்டலில் வேகமாக சார்ஜ் ஏற்றும் இடத்தில் நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் போதும். அதற்குள் இட்லி சாப்பிட்டுவிடலாம் என்பது என் கணக்கு. ரப்பர் மூடியை இழுத்துவிட்டு, குனிந்துகூடப் பார்க்காமல், கனமான சார்ஜரைத் தூக்கிச் செருகினேன். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: இணைப்பு இல்லை. மறுபடி செருகினேன். மறுபடியும் அதே சிவப்பு.

முதலில் சார்ஜரைத் திட்டினேன். பிறகு வாட்ச்மேனைத் திட்டினேன், பாவம், அவர் கேட் காப்பவர். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய எலெக்ட்ரிக் கார் வந்தது. அதை ஓட்டி வந்தவர் அதே சார்ஜரைத் தன் காரில் செருகிப் பார்த்தார், உடனே பச்சை விளக்கு எரிந்தது. நாங்கள் தவிப்பதைப் பார்த்து, "மீரு பெட்டுக்கோண்டி" என்று எங்களுக்கே விட்டுக்கொடுத்துத் தள்ளி நின்றார். அப்படியானால் கோளாறு சார்ஜரில் இல்லை, என் காரில்தான்.

மணி எட்டேகால். எட்டே முக்காலுக்குள் சார்ஜ் ஏறத் தொடங்காவிட்டால் பன்னிரண்டுக்கு விஜயவாடா கிடையாது. அங்கே சாதாரண பிளக் ஒன்று இருந்தது, ஆனால் அதில் ஏற்றினால் சாயங்காலம் ஆகிவிடும். மகள் சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மச்சானுக்கு போன் செய்ய வேண்டியதுதான் என்று நான் தலையைத் தொங்கப் போட்டிருந்தபோது, மகளே கார் கம்பெனியின் நம்பருக்கு அடித்தாள். சின்னக் கம்பெனி பாருங்கள், போனை எடுத்தவர் அந்த பேட்டரியை வடிவமைத்த எஞ்சினியரேதான். பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. வீடியோவில் காரின் சார்ஜ் துளையைக் காட்டச் சொன்னார். காட்டினாள். இன்னும் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னார்.

"சார், ஆ எர்ரகா உன்னதி ஏமிட்டி?" என்றார். அந்தச் சிவப்பாக இருப்பது என்ன என்று கேட்கிறார்.

நான் குனிந்து பார்த்தேன். மேலே சின்னச் சின்ன ஓட்டைகள், கீழே பெரிதாக இரண்டு ஓட்டைகள். அந்தப் பெரிய இரண்டின் உள்ளேயும் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம்.

ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்பது நான்தான். எந்த மெஷினுக்கும் அது தின்கிற வாயில் பொட்டு வைக்க வேண்டும் என்பது என் வழக்கம். அதே மாதிரி, புதுக் கார் மின்சாரம் தின்கிற வாயிலும் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, குங்குமம் வைத்து, அதன் ரப்பர் மூடியையும் பத்திரமாகப் போட்டு மூடியிருந்தேன். வீட்டில் மெதுவாகச் சார்ஜ் ஏற்ற மேல் ஓட்டைகளே போதும். வேகமான சார்ஜருக்குத்தான் அந்தக் கீழ் ஓட்டைகள். அதனால் அதுவரை எனக்குத் தெரியவே இல்லை.

"குங்குமம் சார்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: வண்டியை முழுவதும் ஆஃப் செய்யுங்கள், தண்ணீர் படக்கூடாது, இரும்பு எதையும் விடக்கூடாது, காய்ந்த குச்சியில் துணி சுற்றிச் சுரண்டுங்கள். மனைவி ஹோட்டலுக்குள் ஓடித் துடைப்பத்திலிருந்து நாலு ஈர்க்குச்சிகளை உருவி வந்தாள். தன் கைக்குட்டையைக் கிழித்துச் சுற்றினாள். "தள்ளுங்க, நீங்க குத்தினா இன்னும் உள்ள போயிடும்" என்று என்னை நகர்த்திவிட்டு, பல் தேய்ப்பதுபோல நிதானமாகச் சுரண்டி எடுத்தாள். மகள் டார்ச் அடித்தாள். முப்பது வருஷ மெஷின்காரன் நான் குச்சி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு நாற்பதுக்குச் சார்ஜரைச் செருகினோம். டக் என்று பூட்டிக்கொண்டது. பச்சை! எங்களுக்காகக் காத்திருந்தவர் கை தட்டினார். நான் கூசாமல் அழுதேன். வாட்ச்மேனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் எனக்கு டீ வாங்கித் தந்தார்.

ஒன்பதரைக்குக் கிளம்பி, அந்தக் குட்டி வண்டி ஓர் இடத்தில்கூட மூச்சு வாங்காமல், பதினொன்று ஐம்பதுக்கு மருத்துவமனை வாசலில் நின்றது. மகள் ஃபைலோடு உள்ளே ஓடினாள். நாலு மணிக்கு வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. "அப்பா, செலெக்ட் அயிப்போயா!" என்று தெலுங்கில் கத்திக்கொண்டே வந்து என்மேல் விழுந்தாள்.

ஊர் திரும்பியதும் மச்சானிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன், குங்குமம் உட்பட. வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு காரின் கூரையைத் தட்டி, "எவ்வளவு மாப்ளே வெல?" என்று விசாரித்தார். டப்பா என்ற பேச்சு அன்றோடு நின்றது.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு மனைவி என் கையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை வாங்கி, காரின் நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். விஜயவாடாவிலிருந்து லீவில் வந்திருந்த மகள் கற்பூரம் காட்டினாள். "மெஷினைப் பத்தி எனக்குச் சொல்லாதே" என்ற வார்த்தை இன்றும் நாக்கு நுனி வரை வருகிறது, ஆனால் ஈர்க்குச்சியோடு என்னை நகர்த்திவிட்டு மனைவி குனிந்த அந்தக் காட்சி கண்ணில் வந்ததும், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்கத் தொடங்கிவிடுகிறேன்.