கோவிந்தம்மாளின் நீலத் தட்டும் என் வயிற்றெரிச்சலும்

எண்பதுகளில் ஒரு பெண் மேல் பட்ட பொறாமையில் நான் ஜவ்வாது மலையே ஏறியிருக்கிறேன்!

(காதல் பொறாமை இல்லை. ஆராய்ச்சிப் பொறாமை. அது இன்னும் மோசம்.)

நானும் கோவிந்தம்மாளும் ஒரே பேராசிரியரிடம் வேதியியல் ஆராய்ச்சி மாணவர்கள். சாயக் கழிவு கலந்த தண்ணீரைச் சுத்தமாக்க வழி தேடிக்கொண்டிருந்தோம். வெள்ளை பெயிண்டில் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைச் சாயத் தண்ணீரில் கலந்து, புற ஊதா ஒளி பட வைத்தால் பொடி அப்படியே இருக்கும். சாயம் மட்டும் சிதையும்.

அந்த ஒளிக்கென்று எனக்கு வெளிநாட்டு விளக்கே கிடைத்தது! அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் நான் விளக்கைப் போட்டதும் கரண்ட் போய்விடும். (மின்வாரியத்துக்கும் எனக்கும் அப்படி ஒரு பொருத்தம்.)

லீவுக்கு ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் தன் ஊருக்குப் போனவள் பேராசிரியருக்குச் சேதி அனுப்பினாள். விளக்கே இல்லாமல், வெயிலில் இருக்கும் புற ஊதா ஒளியிலேயே சாயம் வெளுத்துவிட்டதாம்!

எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயம் சிதைந்திருக்காது, பொடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், போய்த் தப்பைப் பிடித்துவிடலாம் என்று ஜீப் ஏறினேன்.

அவள் வீட்டு வாசலில் ஒரு பக்கம் சாமை காய்ந்தது. மறுபக்கம் எனாமல் தட்டுகள்.

"வாங்க சார்," என்றார் அவள் அப்பா. "உங்க காலேஜுல வெயிலே அடிக்காதா? எம் பொண்ணு இத்த தூக்கினு இம்மாந்தூரம் வந்துக்குது!"

(முதல் அடி.)

ஒரு தட்டில் தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் வெள்ளைப் பொடி.

"சாயம் பொடியில ஒட்டினு இருந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கோவிந்தம்மாளிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

அவள் இன்னொரு தட்டின் மூடியைத் திறந்தாள். "அதே பொடி, அதே சாயங்க. வெயில் படாம மூடி வச்சேன்."

உள்ளே பளீரென்று நீலம்!

மூன்றாவது தட்டு பொடி போடாமல் வெயிலில் வைத்தது. அதுவும் நீலம்தான்; வெறும் வெயில் மட்டும் வெளுக்கவில்லை. நான் வழியெல்லாம் யோசித்து வந்த இரண்டு கேள்விகளுக்கும் தட்டு தயாராக இருந்தது!

கடைசியாக ஒரு வலை வீசினேன். "அப்ப இத்த குடிக்கலாம், இல்லீங்களா?"

"ஐயோ, வேணாங்க! நெறந்தான் போச்சு. ஒடஞ்ச சாயம் இன்னாவா மாறிக்குதுன்னு இன்னும் பாக்கல."

நேர்மையிலும் முந்திவிட்டாள்!

கிளம்பும்போது தெளிந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி, வெயில் படாமல் கறுப்புத் துணி சுற்றி நீட்டினாள்.

"எப்டியும் காலேஜுக்குத்தான போறீங்க? மெஷின்ல நெறத்த அளந்து சொல்லுங்க. நீங்க அளந்தா நான் நம்புவேன்."

ஜீப்பில் புளி மூட்டை, பலாப்பழம், ஓர் ஆடு, நடுவில் நான். ஒவ்வொரு வளைவிலும் ஓர் எண்ணம் வந்தது. பாட்டில் கை நழுவினால் யார் கேட்கப் போகிறார்கள்?

வயிறு எரிந்தது. கைகள் மட்டும் பாட்டிலை விடவில்லை.

கல்லூரியில் அளந்தேன். முள் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நின்றது. மெஷினைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். (நப்பாசை!) அதே இடம்தான்.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "யாருப்பா அளந்தது?"

"நான்தான் சார்."

"செஞ்சது?"

பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன். "கோவிந்தம்மாள் சார். சந்தேகமே இல்ல."

எனக்கு முன்னால் அவள் டாக்டர் ஆனாள். நான் கைதட்டினேன், கொஞ்சம் பலமாகவே.

இன்றும் யாராவது "டாக்டர் கோவிந்தம்மாள்" என்றால், "எங்க செட்டுதான்!" என்று பெருமையடித்துவிட்டு, உள்ளே போய் ஒரு சொம்பு மோர் குடிக்கிறேன்.

உங்களை இப்படி மோர் குடிக்க வைத்த ஆள் யார்? கமெண்டில் சொல்லுங்கள், தனியாக எரிவது கஷ்டமாக இருக்கிறது!