மைக் அக்காவின் குரல்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் ‘மைக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்று பதினாறு வருடமாக ஒலிபெருக்கியில் சொல்லிவந்தவள். கருப்பையில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மூன்றாவது கீமோவும் ஏறியபின், வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

ஒரு வாரமாகத் தலைவலி. படுத்தால் மண்டை பிளந்துவிடும் போலிருக்கும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். எல்லாம் மருந்தின் வேலை என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று காலை, ‘ஏழாம் வாசல்’ என்று சொல்ல வாயெடுத்தாள். “ஏணி வாளி” என்று வந்தது. மறுபடி சொன்னாள். “வாளி... வாளி...” கண்ணாடிக்கு வெளியே பயணிகள் சிரித்தார்கள்.

“என்னக்கா, காலையிலேயே காமெடியா?” என்று டைம்கீப்பரும் சிரித்தார். அவள் வலது கை மேசையிலிருந்து துணி போல வழுக்கி விழுந்தது. அவர் மைக்கை அணைத்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்.

“புற்றுநோய் இருந்தா ரத்தம் சீக்கிரம் உறையும்மா,” என்று டாக்டர் அவளுடைய அக்காவிடம் விளக்கினார். “மூளையிலிருந்து ரத்தம் திரும்பிப் போற நாளத்துல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. நல்ல வேளை, சட்டுனு கொண்டுவந்துட்டீங்க.”

உறைதலைத் தடுக்கும் ஊசியைத் தினமும் வயிற்றில் போட வேண்டும். ஊசியைக் கண்டாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும் அக்காதான் போட்டாள். “உனக்கு ஊசி, எனக்கு மயக்கம். நியாயமாடி இது?” என்பாள். தங்கை பாதி வாயால் சிரிப்பாள்.

கை தேறியது. சொற்கள் ஒவ்வொன்றாக, வழி தவறிய ஆடுகளைப் போல வந்து சேர்ந்தன. ஆனால் நிலையத்தில் அவளுடைய பழைய பதிவுகளைப் போட ஆரம்பித்திருந்தார்கள். வீடு பின்தெருவில். ஜன்னல் வழியே நாள் முழுக்க அந்தக் குரல் வந்தது: பிசிறில்லாமல், தெம்பாக. அவள் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உறைந்துவிடுவாள்.

“போய் நிறுத்தச் சொல்லுக்கா.”

“உன் குரல்தானேடி? கேட்க நல்லாத்தானே இருக்கு.”

அவள் குரல் வரும் ஜன்னலைக் கைகாட்டி, வெகுநேரம் சொல் தேடினாள்.

“அவளுக்கு... இன்னும் எதுவும் தெரியாதுக்கா,” என்றாள்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.